நாசிலைக் குத்துவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. வேவ் சால்டரிங் மெஷினில் அலை ஒரு பக்கம் இறங்கிவிடுகிறது, போர்டில் ஒரு வரிசைக் கால்களில் சால்டர் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, அலை எழும் நாசிலைக் கம்பியால் குத்திவிடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். போனில் சொல்லி மாளாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள் பலருக்கும் இதே தொல்லை இருக்கும்.

கம்பியை எடுக்காதே. அடைப்பது எது என்று முதலில் பார்.

முதல் சந்தேகம் சூடு. திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், சால்டர் உருகும் தொட்டியான பாட்டுக்குள் தனியாக ஒரு தெர்மோகப்பிளை விட்டு அளந்து பார். ஈயம் கலந்த 63/37 சால்டர் 183 டிகிரியில் உருகிவிடும்; ஈயமில்லாத எஸ்.ஏ.சி. 305 உருகுவதற்கு 217-க்கு மேல் வேண்டும். ஞாயிறு முழுக்க அணைந்து கிடந்த பாட் திங்கள் காலையில் சூடேறும்போது மேலே பளபளவென்று இருக்கும், சால்டரை மேலே தள்ளும் இம்பெல்லர் பக்கம் இன்னும் கட்டியாகவே இருக்கும். முழுக்க உருகுவதற்குள் மோட்டாரைப் போட்டால் ஷாஃப்ட் போய்விடும்.

இரண்டாவது டிராஸ். உருகிய வெள்ளீயம் காற்றுப் பட்டால் ஆடை கட்டும், அதுதான் டிராஸ். அலை எவ்வளவு புரள்கிறதோ அவ்வளவு டிராஸ் சேரும். இம்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றிச் சேரும் கறுப்புத் தூளை வழித்து எடு. வெள்ளியாய் மின்னும் கட்டியை அப்படியே அள்ளிக் கொட்டிவிடாதே, அதற்குள் நல்ல உலோகமே அதிகம். மேலே நிற்கும் மெல்லிய ஆடையைச் சும்மா சும்மா கலைக்கவும் வேண்டாம்; கீழே இருப்பதைக் காற்றிலிருந்து காப்பதே அதுதான்.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புவது. கரண்டியில் கொஞ்சம் சால்டரை அள்ளி, மெல்லச் சாய்த்து ஊற்றிப் பார். அடியில் உடைந்த ஊசிகளைப் போல, நறநறப்பான, பளபளக்கும் துணுக்குகள் தங்கினால் அது டிராஸ் அல்ல. போர்டின் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வெள்ளீயத்தோடு சேர்ந்து கட்டிய படிகம் அது. அதன் அடர்த்தி சுமார் 8.3. ஈயம் கலந்த சால்டரின் அடர்த்தி 8.4, ஆகவே அதில் படிகம் மிதக்கும். பாட்டை 190 டிகிரி வாக்கில் இறக்கிச் சில மணி நேரம் அசையாமல் விட்டால் மேலே வந்து நிற்கும், ஓட்டைக் கரண்டியால் அள்ளிவிடலாம். ஈயமில்லாத சால்டரின் அடர்த்தி 7.4 தான். அதே படிகம் அதில் மூழ்கும். அடியில், இம்பெல்லர் பக்கத்திலும் நாசில் வாயிலும் போய் உட்காரும். பழைய பாட்டில் பழகிய கைகள் மேலே எவ்வளவு வழித்தாலும் அடைப்பு போகாததற்குக் காரணம் இதுதான். மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல். ஈயமில்லாத பாட்டில் செம்பு 1 சதவீதத்தை நெருங்கினால் ஒரு பங்கு சால்டரை இறக்கிவிட்டு, செம்பில்லாத சால்டர் பார் போட்டு நிரப்புவதே வழி.

இனி குத்தும் பேச்சுக்கு வருகிறேன். ஈயமில்லாத சால்டர் சாதாரண எவர்சில்வரையே அரித்துத் தின்னும். அதற்காகத்தான் நாசிலுக்குப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். கம்பியால் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு அங்கேயே தொடங்கும். கரைந்த இரும்பும் புதிதாய்ப் படிகம் கட்டும். ஆக, இன்று குத்தித் திறந்த நாசில் அடுத்த அடைப்புக்கு வழி செய்து வைக்கும். நாசிலைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும், அதுவும் மெயின்டனன்ஸ் ஆள் பவரைப் பூட்டிய பிறகு.

ஈரக் கரண்டியைப் பாட்டுக்குள் விடாதே. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். உலோகம் முகத்தில் தெறிக்கும். கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் மூடியைத் திறக்காதே. ஈயப் பாட் என்றால் ஆபத்து புகையைவிடத் தூளில்தான் அதிகம். டிராஸ் வழித்த கையோடு சாப்பாட்டு டப்பாவைத் தொடாதே, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு. அந்த டிராஸைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதும் தப்பு. அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்று. பாட்டில் சால்டர் அளவு குறைந்தது என்று கைக்குக் கிடைத்த பாரைப் போட்டுவிடாதே. ஐரோப்பா 2006 ஜூலையிலும் நம் நாடு 2014 மே மாதத்திலும் மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்கு 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்தன. ஒரு கிலோ 63/37 பாரில் 370 கிராம் ஈயம் இருக்கிறது. ஈயமில்லாத 300 கிலோ பாட்டில் அப்படி ஒரே ஒரு பார் தவறி விழுந்தால் வரம்பு தாண்டிவிடும், பிறகு அந்தப் பாட்டில் ஓடிய போர்டு எதையும் அனுப்ப முடியாது. அதனால் பாரின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் எதையும் உள்ளே போடாதே, அம்மா.

அன்புடன்,
பெரியப்பா