பல் மருத்துவத்தில் எத்தனை பிரிவுகள்?

பல் போனால் சொல் போகும் என்பார்கள். ஆனாலும் நம் வீடுகளில் பல்வலிக்கு முதலில் கிராம்பு, பிறகு மருந்துக் கடை மாத்திரை, தூக்கம் போன பிறகுதான் டாக்டர். அங்கே அவர், "இதற்கு வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்றால், அலைக்கழிக்கிறாரோ என்று எண்ணுகிறோம். ரயில்வேயில் தண்டவாளம், சிக்னல், எஞ்சின் என்று தனித்தனிப் பிரிவுகள் இருப்பது போலப் பல் மருத்துவத்திலும் உண்டு. அவற்றை அறிந்து வைத்திருந்தால் வீண் அலைச்சலும் பயமும் குறையும்.

பி.டி.எஸ். என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 5 ஆண்டுப் படிப்பு. பல் சுத்தம் செய்தல், சொத்தை அடைத்தல், பல் எடுத்தல் போன்றவற்றை இவர்களே செய்வார்கள். அதற்கு மேல் 3 ஆண்டுகள் ஒரே துறையில் படிப்பது எம்.டி.எஸ். இதில் 9 பிரிவுகள் உள்ளன.

1. எண்டோடான்டிக்ஸ்: ஆழமான சொத்தை, ரூட் கேனால் எனப்படும் வேர் சிகிச்சை.

2. பெரியோடான்டிக்ஸ்: ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும். பல் தேய்க்கும்போது ரத்தம் வருதல், பல் ஆடுதல் இவர்களுக்குரியவை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் எளிதில் முற்றும்.

3. ஆர்த்தோடான்டிக்ஸ்: தெற்றுப் பல், தூக்கிய பல் ஆகியவற்றைக் கம்பி போட்டுச் சீராக்குதல்.

4. பிராஸ்தோடான்டிக்ஸ்: பல் செட், கட்டுப் பல், பல்லுக்கு உறை போடுதல்.

5. பீடோடான்டிக்ஸ்: குழந்தைகளின் பற்கள். சுமார் 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். போனால் திரும்ப முளைக்காது.

6. வாய், முக அறுவை சிகிச்சை: புதைந்து கிடக்கும் அறிவுப் பல், தாடை எலும்பு முறிவு முதலியன.

7. ஓரல் மெடிசின்: வாய்ப் புண், திட்டுகள், தாடை வலி ஆகியவற்றின் காரணத்தைக் கண்டறிவது. எக்ஸ்ரேயும் இத்துறையே.

8. ஓரல் பேத்தாலஜி: வாயில் எடுத்த சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் சோதிப்பது.

9. பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம்: பள்ளிகளிலும் ஊர்களிலும் முகாம் நடத்தி நோய் வருமுன் தடுப்பது.

ஏழாவது பிரிவு பலருக்கும் தெரியாதது. ஆனால் தேயிலை, ஏலத் தோட்டப் பகுதிகளில் வாழும் நம்மவர்களுக்கு மிக முக்கியமானது இதுவே. வெற்றிலை பாக்குடன் புகையிலை போடுவோர் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கட்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் திறப்பு குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்.

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ உள்ள பி.டி.எஸ். டாக்டரிடம் காட்டுங்கள். எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அவர் சொல்வார். பெரிய சிகிச்சை என்றால், இடுக்கிப் பக்கத்தினருக்குக் கோட்டயத்திலும் பாலக்காட்டினருக்குத் திருச்சூரிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. மலையாளத்தில் 'வலி' என்றால் இழுப்பது என்று பொருள். பல்வலியை 'பல்லு வேதனை' என்று சொல்லுங்கள். ஈறுக்கு 'மோண' என்று பெயர். ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெரியவர்களுக்கு இவ்விரண்டு சொற்களையும் சொல்லிக் கொடுத்தால் டாக்டரிடம் தங்கள் குறையைத் தாங்களே தெளிவாகச் சொல்லிக்கொள்வார்கள்.