களையை இனம் கண்டறிய வயலோரம் ஒரு நடை

களைக்கொல்லி வாங்கக் கடைக்குப் போகுமுன், விவசாயப் பெருமக்கள் ஒரு காலைப் பொழுதை வயலைச் சுற்றி நடப்பதற்கு ஒதுக்க வேண்டும். நிற்பது புல்லா, கோரையா, அகன்ற இலைக் களையா என்று பாராமல் மருந்து அடித்தால் பணம் வீண். 2,4-டி மருந்து அகன்ற இலைக் களைகளைக் கொல்லும். புல்லை ஒன்றும் செய்யாது.

ஐப்பசி மழைக்குப் பின், பயிர் நட்டு இரண்டு மூன்று வாரமான சமயம் இதற்கு ஏற்றது. எட்டு, பத்துப் பேர் சேர்ந்து போகலாம். களை எடுக்கும் பெண்களும் ஆடு மேய்ப்பவர் ஒருவரும் கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். செடிகளின் உள்ளூர்ப் பெயரையும் குணத்தையும் அவர்கள்தான் நன்கு அறிவார்கள். பெயர் தெரியாத செடியை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது.

முதலில் நெல் வயலில் இறங்குங்கள். இங்கே ஆளை ஏமாற்றுவது குதிரைவாலிப் புல். இளம் பருவத்தில் அது நெல் நாற்றைப் போலவே இருக்கும். தோகையைச் சற்று விலக்கி, அது தண்டோடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். நெல்லில் அந்த இடத்தில் வெண்மையான மெல்லிய சவ்வும், இருபுறமும் மயிர் அடர்ந்த காது போன்ற சிறு பகுதியும் இருக்கும். குதிரைவாலியில் இவ்விரண்டும் கிடையா. கதிர் வந்தபின் யாருக்கும் அடையாளம் தெரியும். ஆனால் அதற்குள் பயிருக்கு இட்ட உரத்தில் அதுவும் பங்கு தின்றிருக்கும்.

கோரையின் தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று முனைகள் தட்டுப்படும். தோட்டக்காலில் வரும் கிழங்குக் கோரையை மேலாக அறுப்பதால் பயனில்லை, மறுபடி தழைக்கும். நான்கு இலை கொண்ட ஆரைக்கீரையையும் நெல் வயலில் காணலாம். அது பூக்காது, பெரணி இனத்தைச் சேர்ந்தது.

வரப்பில் கரிசலாங்கண்ணி நிற்கும். கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். கீழாநெல்லிக்கு இலையடியில் காய்கள் வரிசையாகத் தொங்கும். மருந்து அடித்த வரப்பில் எந்தக் கீரையையும் பறிக்காதீர்கள்.

சோளக் கொல்லையிலும் கரும்பிலும் தேட வேண்டியது சுடுமல்லி. இது பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும். மண்ணுக்கு மேலே தலைகாட்டும்போதே பயிர் வாடத் தொடங்கியிருக்கும். தூள் போன்ற இதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆகவே பூக்குமுன் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

தரிசில் நிற்பதெல்லாம் பகையல்ல. கொழுஞ்சி நல்ல பசுந்தாள் உரம். அதன் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் நேராகக் கிழியாமல் கவட்டை வடிவில் பிரியும். அதன் பக்கத்திலேயே கேரட் இலை போன்ற தழையும் சிறு வெண்பூக்களும் கொண்ட பார்த்தீனியம் இருக்கக்கூடும். 1950களின் நடுவில் புனே பகுதியில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய செடி இது. வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு எடுக்க வேண்டும்.

கடைசியாக ஏரிக்கரை. புனல் போன்ற இளஞ்சிவப்புப் பூவுடன் புதராக மண்டி நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. வறட்சியில் பசுமையாக இருப்பது இது ஒன்றே என்று ஆடுகள் தொடர்ந்து மேய்ந்தால் நரம்பு பாதித்துத் தள்ளாடும், இறப்பதும் உண்டு. கோடை வருமுன் மேய்ச்சல் வழியில் உள்ள புதர்களை வேரோடு தோண்டி அகற்றுங்கள். வெட்டிய தண்டைக் கரையிலேயே போட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டால் அது மீண்டும் துளிர்க்கும்.