அம்மி முதல் ஃபுட் பிராசஸர் வரை



அரைத்தல், ஆட்டுதல், இடித்தல், நறுக்குதல் ஆகிய நான்கும் நமது இல்லங்களில் காலங்காலமாகப் பெண்களின் தோளில் ஏற்றப்பட்ட வேலைகளாகும். மசாலாவுக்கு அம்மி, மாவுக்கு ஆட்டுக்கல், இடிக்க உரலும் உலக்கையும், நறுக்க அரிவாள்மனை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி இருந்தது. இட்லிக்கு ஆட்டும் நாளில் அம்மா குழவியைச் சுற்ற, மகள் பக்கத்தில் அமர்ந்து மாவைத் தள்ளிவிடுவாள். அந்த நேரத்தில் மகன் பாடம் படித்துக்கொண்டிருப்பான். இன்று மாலை வேளையில் நாமும் புத்தகத்தைத் திறந்து உட்கார முடிகிறது என்றால், அதில் மின்சாரக் கருவிகளுக்கும் பங்குண்டு.

கோயம்புத்தூரில் 1955 ஆம் ஆண்டு பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லையே மின்மோட்டாரால் சுற்றவைத்து வெட் கிரைண்டரை உருவாக்கினார். 1960களில் பம்பாயில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தம் மனைவி மாதுரி வைத்திருந்த வெளிநாட்டு மிக்ஸி பழுதாகி நின்றுவிட்டதைக் கண்டு, நம் நாட்டு மசாலாவை அரைக்கத்தக்க வலுவான 'சுமீத்' மிக்ஸியைச் செய்தார். ஃபுட் பிராசஸரின் தாயகம் பிரான்சு. அங்கே உணவு விடுதிகளின் சமையற்காரர்கள் நறுக்குவதிலேயே நேரத்தைச் செலவிடுவதைக் கண்ட பியர் வெர்தன் என்பவர் அதை அமைத்தார். 1973இல் கார்ல் சொந்தைமர் என்ற பொறியாளர் அதை வீட்டுக்கேற்றபடி திருத்தி அமெரிக்காவில் அறிமுகம் செய்தார். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தால், மிக்ஸியும் கிரைண்டரும் ஏழை எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

கருவி வந்துவிட்டால் போதுமா? எந்த வேலையை எதனிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டும். மிக்ஸியின் அலகு அதிவேகத்தில் நிமிடத்திற்குச் சுமார் 18,000 முறை சுழலக்கூடியது. அது பொருளை வெட்டுகிறது. உராய்வினால் சூடும் ஏற்றுகிறது. கிரைண்டரின் கல்லோ மெதுவாகச் சுற்றி நசுக்கி அரைக்கிறது. அதனால் உளுந்துக்குள் காற்று புகுந்து மாவு பஞ்சுபோல் பொங்குகிறது. பிறகு லியூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் அதில் பெருகி, கரியமில வாயுவை உண்டாக்கி, மாவை மேலே எழுப்புகிறது. இட்லிக்குக் கிரைண்டரே சிறந்தது என்று பாட்டிமார் சொல்வதற்கு இதுதான் காரணம். மிக்ஸிதான் இருக்கிறது என்றால், ஐஸ் தண்ணீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரைக்க வேண்டும்.

மின்சாரச் செலவைப் பற்றியும் பலர் தவறாக எண்ணுகிறார்கள். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் நாம் செய்யும் கணக்கையே இங்கும் செய்து பார்க்கலாம். 750 வாட் மிக்ஸி மொத்தம் 12 நிமிடம் ஓடினால் 0.15 யூனிட். 150 வாட் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினாலும் 0.1 யூனிட்தான்! நெடுநேரம் ஓடுவது அதிகம் செலவழிக்கும் என்பது எப்போதும் உண்மையன்று.

இனி ஃபுட் பிராசஸருக்கு வருவோம். பல வீடுகளில் இது திருமணப் பரிசாக வந்து, அட்டைப் பெட்டியோடு பரணில் உறங்குகிறது. அதன் கிண்ணம் அகலமானது. அலகும் மிக்ஸியைவிட மிக மெதுவாகச் சுழலும். ஆகவே தண்ணீரே இல்லாமல் நறுக்கலாம், துருவலாம், மாவு பிசையலாம். துவையலையும் மிளகாய்ப் பொடியையும் இதில் போட்டுவிட்டு, நைசாக அரைபடவில்லையே என்று குறைகூறுவது நியாயமில்லை. அது மிக்ஸியின் வேலை. (அம்மித் துவையலின் ருசி மிக்ஸியில் வராது என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்.)

இதன் பெரிய உதவி சப்பாத்தி மாவு பிசைவதுதான். பிசைவதற்கென்று உள்ள அலகைப் பொருத்தி, இரண்டு டம்ளர் கோதுமை மாவும் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் போட்டு ஓடவிட வேண்டும். மேலேயுள்ள குழாய் வழியே தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு டம்ளர் பிடிக்கும். ஆனால் மாவுக்கு மாவு மாறும். ஒரு நிமிடத்திற்குள் மாவு திரண்டு பந்துபோல் உருளும். உடனே நிறுத்திவிட வேண்டும். மேலும் ஓடினால் மாவு சூடாகிச் சப்பாத்தி கடினமாகிவிடும். இருபது நிமிடம் மூடிவைத்துப் பிறகு தேய்க்கலாம்.

வெங்காயத்திற்கு விட்டுவிட்டு இயக்கும் 'பல்ஸ்' முறையே ஏற்றது. நான்காக வெட்டிப் போட்டு இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். தொடர்ந்து ஓடவிட்டால் நீர்விட்டுக் கூழாகிக் கசக்கும். காரட்டையும் கோசையும் துருவும் தட்டில் தள்ளும்போது விரலை நுழைக்காமல், அதற்கென்று கொடுத்துள்ள அழுத்துக் கட்டையையே பயன்படுத்த வேண்டும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் நறுக்க அரிவாள்மனையே போதும். இயந்திரத்தை எடுத்துப் பூட்டிப் பின் கழுவும் நேரத்தில் பொரியலே தயாராகிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அத்தை, சித்தி குடும்பங்கள் வந்து, பதினைந்து பேருக்குச் சப்பாத்தியும் குருமாவும் செய்யும் நாளில்தான் அதன் அருமை தெரியும். அன்று அதை இயக்கும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுங்கள். மூடி சரியாகப் பூட்டாவிட்டால் பெரும்பாலான பிராசஸர்கள் ஓடவே மாட்டா. எனவே அவன் கற்றுக்கொள்வதில் அபாயம் குறைவு.

அளவுக்கு மீறித் திணித்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். பழுது என்று பதறாமல், சுவிட்சை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஓடும். உள்ளே கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கொதிக்கும் சாம்பாரையோ சூடான தக்காளியையோ மிக்ஸி ஜாரில் மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தூக்கியெறியும். ஆறிய பின்பே அரைக்க வேண்டும். கழுவும்போது அலகுகளை மற்றப் பாத்திரங்களோடு சோப்பு நீரில் மூழ்கவிடாதீர்கள். நுரைக்குள் கிடப்பது தெரியாமல் கை வைப்பவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார். தனியே கழுவித் துடைத்து, தம்பி தங்கையர் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.