மெயின் பெயாரிங் மாட்டும் முன்னே கவனிக்க வேண்டியவை



எமது டிவிசனில் ஒரு குடும்பம், அம்மா வேலையை விட்டு நின்றபோது கிடைத்த ஈ.பி.எப். காசில் பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கியது. ராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி வந்தால் லொறியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை, மற்ற நாளில் ஹயர் ஓடலாம் என்பது அவர்கள் கணக்கு. எஞ்சின் தட்டுகிறதென்று டவுன் கராஜ் ஒன்றில் கொடுத்து, கிராங்கை கிரைண்ட் பண்ணி, புது மெயின் பெயாரிங் போட்டார்கள். நாலாம் நாள் ஏற்றத்தில் அதே சத்தம் திரும்பி வந்துவிட்டது.

"போல்ட்டெல்லாம் நல்லா இறுக்கித்தாங்க ஐயா இருக்கு" என்றான் மகன். இறுக்கியது உண்மைதான். கழற்றிப் பார்த்தபோது ஷெல் மூன்றிலும் சுற்றிவரக் கீறல். கிரைண்ட் பண்ணிய தூள் கிராங்கின் எண்ணெய்த் துளைக்குள் இருந்தபடியே உள்ளே போயிருக்கிறது.

கராஜ் வேலை பழகும் எமது பிள்ளைகள் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் கிராங்க் செக்கனுக்கு 50 தரம் சுற்றுகிறது. அப்போது இரும்பு ஷெல்லைத் தொடுவதில்லை. நடுவில் பம்ப் அனுப்பும் எண்ணெய் மெல்லிய படலமாக நின்று கிராங்கைத் தாங்குகிறது. மைனரின் 948 சீ.சீ. எஞ்சினில் மெயின் பெயாரிங் மூன்றுதான். அந்த இடைவெளி மிகமிகச் சிறியது. ஒரு தலைமயிர் அளவு கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்குள் ஒரு மணல் பருக்கை போனால் என்ன ஆகும்?

ஆகவே கழுவுவதுதான் பெரிய வேலை. லேத்திலிருந்து கிராங்க் வந்தவுடனே மாட்டிவிடாதீர்கள். துளை ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியும் பிரஷும் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, மறுபக்கம் சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். புளொக்கின் எண்ணெய் வழிகளுக்கும் இதேதான். துடைக்க நூல் உதிராத துணி வேண்டும். பழைய சாக்கு கூடவே கூடாது.

ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அளவு குத்தியிருக்கும். 010 என்றால் கிராங்க் 10 ஆயிரத்தில் அரைக்கப்பட்டிருக்க வேண்டும், 020 என்றால் 20. கடைக்காரர் சொன்னதை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். ஷெல்லின் முதுகும் அது உட்காரும் இடமும் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், எண்ணெய் பூசுவது உட்பக்கத்துக்கு மட்டும். லூசாக இருக்கிறதென்று முதுகில் கடதாசி வைப்பதும், கெப்பை அரத்தால் ராவுவதும் சில பேருக்குப் பழக்கம். அது எஞ்சினைக் கொல்லும் வேலை. புளொக்கின் எண்ணெய்த் துளைக்கு நேரே ஷெல்லின் துளை வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கெப்புகளைக் கழற்றும் முன்னமே எது முன், எது நடு, எது பின், எந்தப் பக்கம் என்று அடையாளம் போடுங்கள். மாற்றியோ திருப்பியோ போட்டால் வட்டம் சரியாக வராது. இந்த எஞ்சினில் முன் கெப் முன்தகட்டோடும் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும், அதை மறந்து சுத்தியலால் அடிக்காதீர்கள்.

இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல் விற்கிறது. எண்ணெய் இல்லாத கிராங்கின் மேல் ஒரு துண்டு வைத்து, கெப்பை முழு இறுக்கத்துக்கு இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய நூல் எவ்வளவு அகலமோ, இடைவெளி அவ்வளவு குறைவு. கூட வரும் அளவுக் கடதாசியோடு ஒப்பிட்டால் கணக்குத் தெரிந்துவிடும். பார்த்தபின் நூலைத் துடைத்தெடுங்கள்.

நடுப் பெயாரிங்கின் இரு பக்கமும் வரும் அரைவட்ட வாஷர்களின் எண்ணெய்க் கோடு கிராங்கைப் பார்த்து வெளிப்பக்கம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் கிராங்க் அசைவது ஆயிரத்தில் 2 முதல் 3 வரை. பீலர் கேஜ் போதும்.

பிறகுதான் இறுக்குவது. டோர்க் ஸ்பானரால் 60 இறாத்தல்-அடி, ஒரே மூச்சில் அல்ல, இரண்டு மூன்று தடவையாக. ஒவ்வொரு கெப் இறுக்கியபின்னும் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். பிடித்தால் அங்கேயே நிறுத்தி அந்தக் கெப்பைக் கழற்ற வேண்டும். "ஓடினா சரியாயிடும்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

எஞ்சினை வண்டியில் ஏற்றிய பின், பிளக்குகளைக் கழற்றிவிட்டு எண்ணெய் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அதன் பிறகே ஸ்டார்ட் பண்ணலாம்.

அந்தக் குடும்பம் கிராங்கை மறுபடி அரைத்து 020 போட வேண்டியதாயிற்று. இந்த முறை மகனே பக்கத்தில் நின்று துளைகளைக் கழுவினான், ஒரு முழுப் பகலும் போனதாம். கார் இப்போது ஓடுகிறது. கராஜில் வேலைக்குக் கொடுப்பவர்கள், கழற்றிய பழைய ஷெல்களையும் கேட்டு வாங்கி வாருங்கள். எம்மிடம் கொண்டு வந்தால் முதுகிலுள்ள அளவையும் கீறலையும் சேர்ந்து பார்ப்போம்.