பத்து ஷட்டர், ஒரு பத்திரம்

2025 ஜூலை 16 அன்று திருச்சி பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் இயங்கத் தொடங்கியது. திறப்பு விழா மே மாதமே முடிந்துவிட்டது; வெளியூர்ப் பேருந்துகள் இடம் மாறியது ஜூலையில்தான். அதுவரை கன்டோன்மென்ட் மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி, எதிர்க்கடையில் டீ குடித்து, செல்போன் கவர் வாங்கி, லாட்ஜில் அறை கேட்ட கூட்டத்தில் ஒரு பகுதி மதுரை நெடுஞ்சாலையோரமே இறங்கிக்கொண்டது. நகரப் பேருந்துகள் பழைய இடத்துக்கு இன்னும் வருகின்றன. ஆள் நடமாட்டம் அற்றுப்போய்விடவில்லை. ஆனாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கடை வளாகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு புதிதாக முளைத்தது. இத்தனை வருடம் வந்த வாடகை கட்டடத்துக்காக வந்ததா, பேருந்துக்காக வந்ததா?

ஊர் நடுவில் ஒரு காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டு, மாதம் பிறந்தால் வாடகையை எண்ணுவது தமிழ்நாட்டில் பணம் சேர்த்தவர்களின் பழைய ஆசை. பூர்வீக நிலம் விற்றவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், மகனுக்குத் தொழிலை ஒப்படைத்த மளிகை மொத்த வியாபாரி என்று எல்லோருமே ஒரு கட்டத்தில் இதற்கு வந்து சேர்கிறார்கள். தரகரும் மாத வாடகை எவ்வளவு என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். கேட்க வேண்டியது வேறு: இன்று இருப்பவர் காலி செய்தால், அடுத்தவர் எத்தனை மாதத்தில் வருவார், என்ன வாடகைக்கு வருவார்? கடை வாடகையில் முதலீடு செய்ய நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் இந்தக் கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம்.

பலரும் முதலில் விரும்புவது ஒரே வாடகைதாரர் உள்ள கட்டடம். அதிலும் வங்கிக் கிளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். வாடகை நாள் தவறாது, தகராறு கிடையாது, ஒரே செக். ஆனால் 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காகச் சுருங்கின. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது, சிண்டிகேட் கனராவோடு, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடு. ஒரே கடைவீதியில் இரண்டு கிளை வைத்துக்கொள்ள எந்த வங்கிக்கும் தேவை இல்லை. பல கிளைகள் மூடப்பட்டன. கனத்த கான்கிரீட்டில் லாக்கர் அறை கட்டிக் கொடுத்த உரிமையாளரிடம் அந்த அறை மிஞ்சியது. ஜவுளிக்காரருக்கு அது இடைஞ்சல், மருந்துக்கடைக்காரருக்குத் தேவையில்லை. வாடகைதாரர் ஒருவர் மட்டும் என்றால் வருமானம் முழுமையாக இருக்கும், இல்லையென்றால் துளியும் இருக்காது. அவர் போன பிறகு மூவாயிரம், நாலாயிரம் சதுர அடியை மொத்தமாக எடுக்க இன்னொருவர் அந்த ஊரில் உண்டா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். சென்னையில் கிடைப்பார்கள். துறையூரிலோ பட்டுக்கோட்டையிலோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இரண்டாவது வழி, பெரிய வளாகத்தில் ஒரே ஒரு கடையை வாங்குவது. முதலீடு குறைவு, பத்திரத்தில் பெயரும் வரும். இதற்குச் சென்னை அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவைவிட நல்ல பாடம் இல்லை. 1990-களில் நகரமே திரண்டு வேடிக்கை பார்த்த வளாகம் அது. அங்கே கடைகள் தனித்தனியாகப் பலருக்கு விற்கப்பட்டன. 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூவும் 2013-ல் வேளச்சேரி பீனிக்ஸும் வந்தபோது போட்டி முற்றிலும் வேறு வகையாக இருந்தது. புது மால்களில் எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும், எந்தத் தளத்தில் உணவகம், எப்போது புதுப்பிப்பு என்று முடிவு செய்ய ஒரே நிர்வாகம். பலருக்குச் சொந்தமான வளாகத்தில் அப்படி ஒரு முடிவு எடுப்பது எளிதல்ல. பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வெளிநாடு போய்விட்டால், அந்த வரிசைக்கே ஆள் வருவது குறையும். அதற்கு அடுத்த கடை உரிமையாளரால் எதுவும் செய்ய முடியாது. மால் கடை வாங்குபவர் பக்கத்துக் கடைகளின் தலையெழுத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

மூன்றாவது, ரீட் எனப்படும் முதலீட்டு அறக்கட்டளையின் யூனிட்டுகள். கடை வாடகையை முக்கியமாக நம்பி இந்தியாவில் முதலில் பட்டியலிடப்பட்டது நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட். 2023 மே மாதம், யூனிட் 100 ரூபாய்க்கு. வடபழனி விஜயா மால் அதன் சொத்துகளில் ஒன்று. செபி விதிப்படி, பகிர்ந்தளிக்கக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை ரீட் யூனிட்தாரர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். சந்தையில் ஒரு யூனிட்கூட வாங்கலாம், விற்கலாம். பத்திரச் செலவு இல்லை, வாட்ச்மேன் இல்லை, நள்ளிரவில் மோட்டார் எரிந்துவிட்டது என்று போன் வராது. வாடகைதாரர் மாறுவது நிர்வாகத்தின் தலைவலி. அறுபது வயதைத் தாண்டியவருக்கும் ஊரில் இல்லாதவருக்கும் இதுவே பொருத்தம் என்று தயங்காமல் சொல்லலாம். பிடிக்காதவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதே: விலை தினமும் திரையில் ஏறி இறங்கும், வாடகையை உயர்த்துவதிலோ ஆளை மாற்றுவதிலோ யூனிட் வைத்திருப்பவருக்குக் கை இல்லை.

நான்காவதுதான் பத்துக் கடை வளாகத்தை முழுதாக வாங்குவது. நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு, அதே ஊரிலோ ஒரு மணி நேரத் தொலைவிலோ இருப்பவருக்கு, இதுவே நான்கிலும் உறுதியானது. 250 சதுர அடிக் கடையை எடுக்கக்கூடியவர்கள் ஊரில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்: தையற்காரர், மொபைல் ரிப்பேர், கவரிங் நகை, பேக்கரி, கண்ணாடிக்கடை. ஒன்று காலியானால் மற்ற ஒன்பது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இந்த உறுதி வளாகத்துக்கு வளாகம் மாறும். எங்கே மாறுகிறது என்பதற்குத் திருச்சியையே எடுத்துக்கொள்ளலாம்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் என்.எஸ்.பி. ரோடும் பெரிய கடைவீதியும் இருக்கின்றன. அங்கே வருபவர் வாங்குவதற்கென்றே வருகிறார். கல்யாணத்துக்கு ஜவுளி, நகை, பாத்திரம். பேருந்து எங்கே நின்றாலும் அந்தக் கூட்டம் தேடி வரும். வண்டி நிறுத்த இடமில்லை, தெரு குறுகல், கட்டடங்கள் பழையவை, விலையோ எட்டாதது. தில்லை நகர் வேறு கதை. குடியிருப்பாகத் திட்டமிடப்பட்ட குறுக்குத்தெருக்கள் மெல்ல மெல்ல மருத்துவமனை, பரிசோதனைக்கூடம், ஷோரூம், பயிற்சி மையம் என மாறிவிட்டன. இங்கே மாடிக்கும் வாடகை உண்டு. டாக்டரைத் தேடி முதல் மாடி ஏற யாரும் தயங்குவதில்லை. மத்தியப் பேருந்து நிலையப் பகுதி வழிப்போக்கரை நம்பியது. மூன்றிலும் இன்றைய வாடகை ஒரே அளவாக இருந்தாலும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் பேச்சு அடிபடும் எந்த ஊரிலும் இது பொருந்தும். வாங்கும் முன் மாநகராட்சியின் திட்டங்களைக் கேட்டு அறிவது, கட்டடத்தின் விரிசலைப் பார்ப்பதைவிட முக்கியம். மேம்பாலம், ஒருவழிப்பாதை, சாலை நடுவே புதிதாக எழும் தடுப்புச்சுவர் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். எதிர்ச்சாரியில் இருப்பவர் சாலையைக் கடக்க முடியாமல் போனால் வியாபாரம் பாதி குறைந்துவிட்டதாகக் கடைக்காரர்கள் சொல்வதை எந்த ஊரிலும் கேட்கலாம்.

அடுத்தது மண். தமிழ்நாட்டில் ஊர் நடு என்றால் பெரும்பாலும் கோயிலைச் சுற்றிய வீதிகள்தான். அங்கே கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்பது சாதாரணம். ஸ்ரீரங்கத்தில் அடிமனைச் சிக்கல் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. குத்தகை மண்ணில் கட்டடம் கட்டியவர் அந்த மண்ணையே விலைக்குக் கேட்கும் உரிமையை 1921-ஆம் ஆண்டு நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருந்தது. 1996-ல் வந்த திருத்தம் கோயில் போன்ற சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அது பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, உரிய அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தைப் பதிவு செய்வதையே தடுக்கிறது. வக்ஃபு நிலம், நகராட்சிக் குத்தகை இடம் ஆகியவையும் இப்படித்தான். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு மூன்றையும் வழக்கறிஞர் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வரை டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. ‘கட்டடம் மட்டும், விலை பாதி’ என்று யாராவது சொன்னால், அந்தப் பாதி ஏன் என்பதற்குப் பதில் அடிமனையில் இருக்கும்.

மண் சரி, கட்டடம் அனுமதிப்படி இருக்கிறதா? 2011 அக்டோபர் 31 அன்று, தீபாவளி முடிந்த கையோடு, தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் விதிமீறிய கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2012 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதிக்கும் வரை பூட்டுத் தொங்கியது. நாட்டின் மிக நெரிசலான கடைத்தெருக்களில் ஒன்றிலேயே இப்படி நடந்தது. சிறு ஊர் வளாகங்களில் வழக்கமான மீறல் ஒன்று உண்டு: வரைபடத்தில் வாகன நிறுத்தம், நேரில் பார்த்தால் இரண்டு கடை. அங்கிருந்து வரும் வாடகையை விலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

இப்போது எண்களுக்கு வரலாம். விளக்கத்துக்காக ஒரு கணக்கு. பத்துக் கடை, சராசரி வாடகை 20,000. ஆண்டுக்கு 24 லட்சம். விலை 5 கோடி. 4.8 சதவீதம் என்று தரகர் சொல்வார். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் சேர்ந்தால் முதலீடு 5 கோடியே 45 லட்சம். எந்த நேரமும் ஒரு கடை காலியாக இருக்கும் என்று வைத்து 2 லட்சத்து 40 ஆயிரத்தைக் கழிக்க வேண்டும். சொத்து வரி, வாட்ச்மேன், பொது மின்சாரம், பெயின்ட் என்று இன்னொரு 2 லட்சத்து 60 ஆயிரம். கையில் நிற்பது 19 லட்சம், அதாவது மூன்றரை சதவீதம். வங்கி வைப்பு இதைவிட அதிகம் தரும். எனவே இந்த முதலீடு நியாயமாவது வாடகை உயர்வாலும் மண் மதிப்பாலும்தான். இரண்டுமே மறுபடி ஆள் கிடைக்கும் இடத்தில்தான் நடக்கும்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னொன்று ஜி.எஸ்.டி. ஆண்டு வாடகை 20 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளர் பதிவு செய்து 18 சதவீதம் வசூலிக்க வேண்டும். ஜவுளிக்கடை அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும். பதிவே இல்லாத தையற்காரருக்கு 20,000 ரூபாய் வாடகை 23,600 ஆகிவிடும். அவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பாகம் குறிப்பிட்டு வாங்கும் குடும்பங்கள் அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொருவர் பங்கும் வரம்புக்குள் நிற்கும். ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்யாத உரிமையாளரிடம் கடை எடுக்கும், வழக்கமான முறையில் பதிவுபெற்ற வியாபாரி அந்த வரியைத் தானே நேரடியாகக் கட்ட வேண்டும். இதைப் பத்திரத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது. விலை 50 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து வருமான வரித் துறையில் கட்டவேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

விற்பவர் காட்டும் வாடகைப் பட்டியலை நம்ப வேண்டியதில்லை. வங்கிக் கணக்கில் இரண்டு ஆண்டுகளாக வாடகை வரவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். விற்பதற்கு மூன்று மாதம் முன்பு மைத்துனரை உயர்ந்த வாடகைக்கு உட்கார வைப்பது பழைய வித்தை. போர்டில் ஒரு பெயரும் ஒப்பந்தத்தில் இன்னொரு பெயரும் இருந்தால் உள்வாடகை ஓடுகிறது என்று அர்த்தம். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. 1960-ன் பழைய சட்டம் அத்தோடு போயிற்று. இருந்தாலும் வாய்ப்பேச்சில், பழைய வாடகையில், இருபது ஆண்டுகளாக இருப்பவர்கள் எல்லா வளாகத்திலும் உண்டு. அவர்களை அனுப்பிவிட்டு வாடகையை இரட்டிப்பாக்கலாம் என்று விற்பவர் சொன்னால், அதை அவரே ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம்.

அட்வான்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து மாத வாடகை வாங்குவது ஊர் வழக்கம். மேலே சொன்ன வளாகத்தில் அது 20 லட்சம். அந்தப் பணம் விற்பவர் கையில் இருக்கிறது, திருப்பித் தரும் பொறுப்போ புது உரிமையாளருக்கு வந்துவிடும். ஆகவே அதை விலையிலிருந்து கழித்துக்கொண்டு, பத்திர நாளன்றே ஒவ்வொரு கடைக்காரரிடமும் அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, இனி யாருக்குக் கட்டுவார் என்று கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

வாங்கிய பிறகு முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டிய வேலைகள் சிறியவை, பலன் பெரியது. கடைக்குக் கடை தனி மின் இணைப்பு. மாடிப்படி தெருவிலிருந்து கண்ணில் படும்படி விளக்கு. வேலைக்கு வரும் பெண்களுக்குப் பூட்டும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. இது இல்லாத வளாகத்தை நல்ல துணிக்கடைகள் ஒதுக்கிவிடும். ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கும்போது பத்தையும் ஒரே மாதத்தில் முடியும்படி எழுதாமல், ஆண்டுக்கு மூன்று கடை முடிவது போல மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஆடியில் முடியும் ஒப்பந்தத்துக்கு ஆள் தேடுவது கடினம். தீபாவளிக்கு முன்பு கடை திறக்க நினைப்பவர் ஆவணியிலேயே இடம் பார்க்க வருவார்.