ஆச்சி தைத்த முண்டாசு

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் "மாறுவேடப் போட்டி" என்று ஒரு வரி வந்து விழுந்தால் மருமகள் போனோடு நேரே என்னிடம்தான் வருவாள். ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, குழந்தைகள் தினம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டுதான் இருக்கிறது. வாடகைக்கு உடை தரும் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஜிகினா உடைக்குள் நமக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் வியர்த்தார்களோ! துவைத்ததா என்று கேட்டால் கடைக்காரர் வேறு பக்கம் பார்ப்பார். டோப்பாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பரிசு வருகிறதோ இல்லையோ, பேன் வந்துவிடும்.

என்னிடம் தையல் மெஷின் கிடையாது. ஊசி நூல், கத்தரிக்கோல், பாவாடை நாடா, கொஞ்சம் எலாஸ்டிக், ஒரு டப்பா ஃபெவிகால், அவ்வளவுதான். மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும். மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேடத்துக்குப் பஞ்சமே வராது. எட்டயபுரத்தில் பாரதி, ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி., பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன். சிக்கல் என்னவென்றால் மூவருமே மீசைக்காரர்கள். மேடையில் யார் யாரென்று தெரிய வேண்டுமே! ஆளுக்கு ஓர் அடையாளம் பிடித்துக்கொண்டால் போதும். பாரதிக்கு முண்டாசு. வ.உ.சி.க்குக் கையில் ஓர் அட்டைக் கப்பல். 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றி இரண்டு வரி பேசவும் அது தோதாக இருக்கும். கட்டபொம்மனுக்கு வாள். அடையாளம் சரியாக அமைந்துவிட்டால் மீதி உடை பிள்ளையின் பீரோவிலேயே இருக்கும். இது நான் குலசேகரன்பட்டினத்துத் தசராவில் கற்றுக்கொண்ட பாடம். கிரீடமும் நகையுமாக வரும் காளி வேடத்தை விடுங்கள். போலீஸ் வேடக்காரர் ஒரு தொப்பியையும் லத்தியையும் வைத்துக்கொண்டு தெருவையே நம்பவைத்துவிடுவார்.

முண்டாசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசி வீடுகளில் அதில்தான் சொதப்புகிறார்கள். பிள்ளையை நிற்கவைத்துத் தலையில் சுற்றினால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. ஒருதரம் குனிந்து நிமிர்ந்தால் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கிவிடும். முண்டாசைத் தலையில் கட்டாதீர்கள், பாத்திரத்தில் கட்டுங்கள். நூலை வைத்துத் தலையின் சுற்றளவை எடுத்துக்கொண்டு (நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 20 அங்குலம் வரும்) அதே சுற்றளவுள்ள குண்டானைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் முன்விளிம்பை வெட்டி எடுத்த பழைய துணித் தொப்பியை மாட்டுங்கள். நாலு முழ வேட்டி ஒன்றை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து, நாலு விரல் அகலத்துக்கு மடித்து, தொப்பியின் மேல் சாய்வாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அடியில் உள்ள தொப்பியையும் சேர்த்து இரண்டு மூன்று தையல். கடைசியில் ஒரு முழம் வாலாகத் தொங்கட்டும். இப்போது அது முண்டாசு உருவத்தில் இருக்கும் தொப்பி. பிள்ளை கழற்றிப் போட்டு விளையாடிவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது. நூல் வேட்டியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் வழுக்கும், சூடும் ஏறும்.

பாரதியின் கோட்டு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். நம் ஊர் வெயிலில் கனத்த கோட்டுக்குள் பிள்ளை வெந்துபோகும். பெரிய பிள்ளையின் கறுப்பு டீ-சர்ட்டை முன்பக்கம் நடுவில் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, வெள்ளைச் சட்டைமேல் போட்டுவிட்டால் முடிந்தது. பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கோட்டுதான்.

ஒட்டு மீசை கூடவே கூடாது. அரிக்கும், பிள்ளை பிய்த்து எறிந்துவிடும். கண்மை போதும். விரலால் இழுத்தால் தடித்துவிடும் என்பதால் பஞ்சுக் குச்சியால் வரைந்து, மேலே லேசாகப் பவுடர் ஒற்றினால் வியர்வைக்குச் சட்டென்று வழியாது. வீட்டிலேயே வரைந்து கூட்டிப் போகாதீர்கள். போகிற வழியில் பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு முழங்கையால் வாயைத் துடைக்கும், மீசை காதுவரை போய்விடும். பள்ளிக்கூட வாசலில் வரைந்துகொள்ளலாம். கலைக்கத் தேங்காய் எண்ணெய் இருக்கிறது.

திருவள்ளுவர் தாடிக்கு ஃபெவிகாலைத் தொடலாம், ஆனால் தோலில் அல்ல. பழைய வெள்ளைப் பனியனைத் தாடி வடிவத்தில் வெட்டி, வாய் இருக்கும் இடத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டு, பஞ்சை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவிடுங்கள். இரண்டு காதிலும் மாட்ட எலாஸ்டிக் வளையம். வாய்த் திறப்பு சின்னதாகிவிட்டால் குறள் மைக்குக்கே கேட்காது.

வாளுக்கு அமேசான் பெட்டி அட்டை. அட்டையின் உள்ளே வரிவரியாக ஓடுகிறதே, அந்த வரி வாளின் நீளத்தோடு போகிற மாதிரி வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் நடுவில் மடங்கி, கட்டபொம்மன் தோற்றுவிடுவார். இரண்டு அட்டையை ஒட்டி, முனையை உருட்டலாக வெட்டி, சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைச் சுற்றினால் பளபளப்பு வந்துவிடும்.

பேத்திக்கு வேலு நாச்சியார். பெரியவர்களின் புடவையைச் சுற்றிவிட்டால் பிள்ளை மூட்டையாகிவிடும், மேடைப்படியில் தடுக்கும். எலாஸ்டிக் வைத்த பழைய பாவாடையில், ஒரு துப்பட்டாவின் கொசுவத்தை முன்பக்கம் வைத்துத் தைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதை மேலே ஏற்றித் தோளில் ஒரு துண்டு வெல்க்ரோ. ஊக்கு வேண்டாம். தவறித் திறந்துகொண்டால் குத்தும். அதைத் தேடிக் கழற்றவும் நேரம் பிடிக்கும். அதே உடைக்கு வாளைப் பிடுங்கிவிட்டு இடது கையில் பச்சைத்தாள் கிளி ஒன்றைக் கொடுத்து, கொண்டையைச் சாய்த்துப் போட்டால் ஆண்டாள் தயார். ஒரு வேலைக்கு இரண்டு வேடம்.

கிரீடத்துக்குக் கடையில் கிடைக்கும் 22-க்கு 28 அங்குலச் சார்ட் ஒன்று போதும். 22 அங்குலப் பக்கத்தைச் சுற்றினால் சின்னப் பிள்ளைத் தலைக்கு ஒட்டுவதற்கான இடமும் சேர்ந்து சரியாக வரும். உள்ளே ஒரு பட்டைத் துணியை ஒட்டாவிட்டால் நெற்றியில் அறுக்கும். கிருஷ்ணருக்கு ஒரு மயிலிறகு, ஒரு புல்லாங்குழல், மஞ்சள் துண்டு. உடம்பில் நீலம் பூச வேண்டாம். துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்துப் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

காய்கறி வேடம்தான் எல்லாவற்றிலும் சுலபம். கத்தரிக்காய் என்றால் ஊதாச் சார்ட் இரண்டு, முன்னும் பின்னும், தோளில் ரிப்பன், தலையில் பச்சைத்தாள் காம்பு. சார்ட் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் காய் உட்கார முடியாது.

எந்த வேடமானாலும் முந்தின நாளே அரைமணி நேரம் போட்டுவிட்டு வீட்டில் சும்மா திரியவிடுங்கள். "ஆச்சி, மூச்சு முட்டுது, கழட்டுங்க" என்று எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடத்தில்தான் தையலைப் பிரிக்க வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு: ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொன்ன நிமிஷத்தில் உடையை இறக்க முடிகிறதா? வேட்டியானாலும் பஞ்சகச்சமானாலும் உள்ளே எலாஸ்டிக் அரைக்கால் சட்டையில் தைத்துவிடுங்கள். வகுப்பு ஆயாம்மாவுக்குப் புரியாத முடிச்சு எதையும் போடக் கூடாது.

இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டியை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நாளைக்குப் போட்டி என்று இன்றைக்கு ராத்திரி சொன்னால் யாராக இருந்தாலும் வாடகைக் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். அப்புறம், எல்.கே.ஜி. பிள்ளைகளை முதலில் மேடையேற்றிவிடுங்கள். தாடியோடு அவர்களால் இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது.