முதல் நாளே சொல்லிவிடு

அன்புத் தம்பி,

முதுகுக்கும் கழுத்துக்கும் கையால் சிகிச்சை தரும் கைரோபிராக்டிக்கில் பட்டம் வாங்கிவிட்டாய், பிரிட்டனின் பொது கைரோபிராக்டிக் மன்றத்தில் பதிவும் முடிந்துவிட்டது. இனி உன்னிடம் வரும் புது நோயாளிகளில் பலர் உன்னைப் பார்ப்பதற்கு முன்பே செல்பேசியில் வீடியோக்களைப் பார்த்துத் தீர்த்திருப்பார்கள். அவற்றில் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, படக்கென்று ஒரு சத்தம், ஆள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். இந்த எதிர்பார்ப்போடு படுக்கையில் ஏறுகிறவரை அப்படியே விட்டுவிட்டால், பிறகு நீ செய்யும் நல்ல சிகிச்சையும் அவருக்கு ஏமாற்றமாகத்தான் படும். என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்வதை வரவேற்பறையில் நீட்டும் துண்டறிக்கைக்கு விட்டுவிடாதே. அதைச் சொல்வதில்தான் சிகிச்சை தொடங்குகிறது என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சத்தம். எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல அது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். சத்தம் எழும் கணத்தில் மூட்டுத் திரவத்தில் ஒரு வாயுக்குழி தோன்றியது, அவ்வளவுதான். அப்படியானால் இடம் பிசகிய முள்ளெலும்பு? 1895-இல் அயோவா மாநிலத்து டேவன்போர்ட்டில் இத்தொழிலைத் தொடங்கிய டி. டி. பாமர், ஹார்வி லில்லார்டு என்ற கட்டடத் துப்புரவுப் பணியாளரின் முதுகை அழுத்திக் காது கேட்க வைத்ததாகச் சொன்ன நாளிலிருந்து அந்த நம்பிக்கை இத்தொழிலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிசகிய முள்ளெலும்புதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லச் சான்று இல்லை என 2010-இல் உன் மன்றமே எழுதிவிட்டது. குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கும் காது நோய்க்கும் கைரோபிராக்டிக் என்ற பேச்சைக் கேள்வி கேட்ட அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீதான அவதூறு வழக்கை பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் கைவிட்டதும் அதே ஆண்டில்தான்.

மிஞ்சுவது இடுப்பு வலி. அங்கே உன் கைக்கு வேலை உண்டு, அளவோடு. புதிதாக வந்த வலி பற்றிய 26 சோதனைகளைத் திரட்டி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு வாரத்துக்குள் வலி 100-க்கு ஏறத்தாழ 10 புள்ளி கூடுதலாகக் குறைவதாகச் சொல்கிறது. நாள்பட்ட வலிக்கு, பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய சமமான பலன்தான். சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிரு நாள் உடம்பு வலியோ விறைப்போ வரும்; அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு.

“நம்பிக்கையே பாதி மருந்து, இப்படிக் குறைத்துப் பேசினால் வந்தவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்” என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். சிலர் போகவும்தான் செய்வார்கள். ஆனால் எந்த நம்பிக்கை மருந்து? எலும்பு பிசகியிருக்கிறது என்று கேட்டவர் குனியவே பயப்படுவார்; நடமாட வேண்டிய நேரத்தில் படுத்துக்கிடப்பார். எக்ஸ்ரேயைக் காட்டி மிரட்டுவது இன்னும் மோசம். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரிகிறது, எண்பது வயதில் 96 சதவீதம். புது இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும் என்பது உண்மை; தன் முதுகின் மேல் அவருக்கு நம்பிக்கை வர அது போதும்.

ஆபத்தைச் சொன்னால் பயந்துவிடுவார் என்பது அடுத்த வாதம். கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்குப் பின் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, மிக அரிது. 2008-இல் வந்த ஒண்டாரியோ ஆய்வு, குடும்ப மருத்துவரிடம் போனவர்களிடமும் இதே தொடர்பைக் கண்டது. ஏற்கெனவே தமனி கிழியத் தொடங்கியவர்தான் கழுத்து வலி என்று வருகிறார் என்பது அதன் விளக்கம். தொழிலில் பலர் இதைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத்தான் படுகிறது: அப்படிப்பட்டவர் நாளை உன் படுக்கையில் படுக்கலாம். இதுவரை வராத மாதிரித் தலைவலியா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்காமல் கழுத்தில் கை வைக்காதே. இடுப்பு வலிக்காரரிடம் காலிடுக்கு மரத்திருக்கிறதா, சிறுநீர் வருவது தெரியாமல் போகிறதா என்று கூச்சப்படாமல் கேள்; ஆம் என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அனுப்பு. பிரிட்டனில் நோயாளி முக்கிய ஆபத்துகளை அறிந்த பிறகே சம்மதம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கடைசியாகப் பணம். வலியோடு வந்து நிற்பவரிடம் முதல் நாளே ஓராண்டுக்கான பேக்கேஜை விற்காதே. எத்தனை தடவை பார்ப்போம், என்ன மாறினால் தொடர்வோம், எப்போது நிறுத்துவோம் என்று எழுதிக் கொடு. நாலைந்து வருகையில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிட்டு அவருடைய குடும்ப மருத்துவருக்குக் கடிதம் எழுது. அதன் நகல் ஒன்றை நோயாளியின் கையிலும் கொடு.